மிலிட்டரிக்காரர் வீடும் ஊரும்



ஆக்லாந்தின் எப்சத்தில், குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன அலெக்சாண்ட்ரா பார்க்கைத் தெரியாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும் ஆக்லாந்துப் படைப்பிரிவுகள் அங்கேதான் கூடாரம் அடித்தன. அக்டோபரில் நாட்டை விட்டுக் கப்பலேறின. அன்றைய நியூசிலாந்தின் மக்கள்தொகை 11 லட்சம் சொச்சம். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1 லட்சம் பேர் கடல் கடந்து போனார்கள். அவர்களில் 18,000 பேர் மாண்டுபோனார்கள். அவர்கள் பெயர்களை ஊர் ஊராகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களை அனுப்பிவிட்டு இங்கே நின்ற பெண்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பேசவே இன்று வந்தேன்.

அவர்கள் பின்னினார்கள். கம்பளிக் காலுறை, கழுத்துத் துணி, குல்லாய். ஆளுநரின் மனைவி லிவர்பூல் சீமாட்டி 1915-இல் பின்னல் முறைகளைச் சொல்லும் ஒரு புத்தகமே வெளியிட்டார். மாவோரி வீரர்களுக்காக மிரியா போமாரே அம்மையார் அவரோடு சேர்ந்து தனி நிதி திரட்டினார். கேக் சுட்டு, டப்பாவில் வைத்து, மூடியை ஈயம் வைத்து ஒட்டி அனுப்பினார்கள். கடல் பயணத்தில் கெடாமல் போய்ச் சேர வேண்டுமே!

1918 நவம்பரில் அந்தக் கைகளுக்கே வேறு வேலை வந்தது. இன்ஃபுளுவென்சா விஷக்காய்ச்சல். இரண்டே மாதத்தில் நாடு முழுவதும் சுமார் 9,000 பேர் இறந்தார்கள். ஆக்லாந்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். மாவோரி மக்களிடையே சாவு விகிதம் பல மடங்கு. மருத்துவர்களும் நர்சுகளும் பலர் இன்னும் கடல் கடந்த இடங்களில். அப்போது கதவு கதவாகத் தட்டி, சூப்புக் கொடுத்து, படுக்கை மாற்றி, தாய் படுத்துவிட்ட வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டியவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். அவர்களில் எத்தனையோ பேருடைய மகனோ கணவனோ இன்னும் ஊர் திரும்பியிருக்கவில்லை. உதவப் போன இடத்தில் காய்ச்சல் தொற்றி உயிர் விட்டவர்களும் உண்டு.

இந்தத் தியாகத்தை நான் வணங்குகிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1917-இல் திருமணமானவர்களையும் படைக்கு அழைத்தபோது, இரண்டாம் பிரிவு லீக் என்று ஓர் அமைப்பு எழுந்தது. 'நாங்கள் போகிறோம், எங்கள் மனைவி மக்களுக்குப் போதுமான படி கொடுங்கள்' என்று அது அரசிடம் கேட்டது. நியாயமான கேள்வி! தொண்டு செய்கிற பெண்ணின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

இதை நான் என் சொந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன். நான் வேலூர் பக்கத்துக்காரி. அங்கே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர். என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அதனால் தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அம்மாதான் படித்துக் காட்டுவார். மணியார்டர் வராவிட்டால் தபாலாபீசுக்குக் கூடப் போவார். 'லீவுல எப்போ வராராம்?' என்று கேட்கும் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து தன் கவலையையும் ஆற்றிக்கொண்டார். 1966-இல் தொடங்கிய இந்திய ராணுவ மனைவியர் நலச் சங்கம் இன்று சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்காக ஆஷா பள்ளிகள் நடத்துகிறது. அதன் வேர் இப்படிப்பட்ட திண்ணைகளில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இப்போது நம் ஆக்லாந்துக்கு வருவோம். டெவன்போர்ட்டில் கடற்படைத் தளம், ஃபெனுவாபாயில் விமானத் தளம், பாப்பகுராவில் ராணுவ முகாம். ஆப்கானிஸ்தானின் பாமியானில் 2003 முதல் 2013 வரை நியூசிலாந்துப் படை நின்றது. சினாயில் 1982-இலேயே அமைதிப் பணியில் சேர்ந்தது. போகிறவர் மனைவியாகவும் இருக்கலாம், பிள்ளைகளோடு நிற்பவர் கணவராகவும் இருக்கலாம். பெண் தனியாக நிற்கும் அப்படி ஒரு வீடு நம் தெருவில் இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? சாம்பார் கொடுத்து அனுப்புகிறோம். 'பாவம், தனியா இருக்கா' என்கிறோம். நல்ல மனசுதான். ஆனால் அவளை வெறும் வாங்கிக்கொள்கிறவளாகவே வைத்துவிடுகிறோம்.

அவளிடம் ஒரு வேலை கொடுங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு வகுப்பு, நூலகத்தில் கதை நேரம், பழைய பொருட்கள் விற்கும் தொண்டுக் கடையான ஆப் ஷாப்பில் ஒரு காலைப்பொழுது, முதியவர் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவது. வாரத்துக்கு ஒரு தடவை போதும். எல்லாக் குழுவிலும் அவளையே இழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு நாள் நிச்சயமாக வரும் என்பதே அவளுக்குப் பிடிமானம். இன்னொன்றும் உண்டு. வழக்கமாக வருகிறவள் ஒரு வாரம் வரவில்லை என்றால் அங்கே யாராவது கவனிப்பார்கள், போன் செய்வார்கள். யாரும் எதிர்பார்க்காத ஒருத்தி வீட்டுக்குள் உடைந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்?

மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். கணவர் எங்கே இருக்கிறார், கப்பல் எப்போது திரும்புகிறது என்று துருவாதீர்கள். தெரிந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்தத் தேதிகளில் பல உயிர்களின் பாதுகாப்பு இருக்கிறது. அவர் லீவில் வந்துவிட்டால், அந்த வாரங்களில் அவளைத் தொண்டுக்குக் கூப்பிடாதீர்கள். அவள் தொண்டுக்கு வரும் நேரத்தில் அவள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆசை இருந்தும் பல பெண்கள் வர முடியாமல் போவது அதனால்தான்.

வெளியே மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். தொண்டு செய்ய விரும்புவோருக்கு ஒரு பக்கம், அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வருவோருக்கு ஒரு பக்கம். முதல் பக்கத்தில் பெயர்கள் சேர்ந்துவிட்டன. இரண்டாவது பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. ஐயாமாரே, அம்மாமாரே, பேரப்பிள்ளை வளர்த்த அனுபவம் உங்களிடம் இருக்கிறது. வீட்டுக்குப் போகும்முன் அதில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.