முன்பே இருந்த நோய் எது?



எனக்கு முன் பேசிய நண்பர், "நாய்க்கும் பூனைக்கும் காப்புறுதி எடுப்பது வீண் செலவு. செலவு என்று போய் நின்றால், இது முன்பே இருந்த நோய் என்று கையை விரித்துவிடுவார்கள்" என்றார். கையை விரிப்பதுண்டு, நான் மறுக்கவில்லை. அவர்கள் கையை விரித்ததும் நாம் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்? அதுதான் என் கேள்வி.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. வீடு தீப்பிடித்த பிறகு தீக்காப்புறுதி எடுக்க முடியுமா? நோய் வந்த பிறகு எல்லாரும் காப்புறுதி எடுத்தால், ஒழுங்காகச் சந்தா கட்டுபவர்தான் அந்தச் செலவைச் சுமக்க வேண்டிவரும். ஆகவே, விண்ணப்பத்தில் கேட்டதை மறைக்காமல் சொல்வது நம் கடமை.

ஆனால், முன்பே இருந்த நோய் என்பது எது? சிக்கல் இங்கேதான். என் அக்கா சிங்கப்பூரில் தம் வீவக வீட்டில் ஒரு டாய் பூடில் நாய் வளர்க்கிறார். இத்தகைய சிறு நாய்களுக்கு முழங்கால் சில்லு இடம் விலகும் கோளாறு அடிக்கடி வரும். அறுவை சிகிச்சைக்குச் சில ஆயிரம் வெள்ளி ஆனது. நிறுவனம் பணம் தர மறுத்தது. காப்புறுதி எடுப்பதற்கு முன்பே, 'நொண்டுகிறது' என்று மருத்துவர் ஒருமுறை குறித்து வைத்திருந்தாராம்.

எந்தக் கால்? ஏன் நொண்டியது? யாரும் கேட்கவில்லை. அக்கா மருந்தகத்தில் முழுக் குறிப்பையும் கேட்டு வாங்கினார். அன்று நொண்டியது முன்னங்கால். பாதத்தில் குத்திய கண்ணாடித் துண்டை எடுத்து மருந்து போட்டிருக்கிறார்கள். பின்னங்கால் முழங்கால்கள் சரியாக உள்ளன என்றும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது! மருத்துவர் அதை விளக்கிக் கடிதம் கொடுத்தார். நிறுவனம், நாம் ஏற்கவேண்டிய பங்கு போக மீதியைக் கொடுத்தது.

எல்லாருக்கும் இப்படி அமையாது. சில ஒப்பந்தங்களில், மருத்துவர் நோயைக் கண்டறிந்திருக்க வேண்டும் என்றிருக்கும். சிலவற்றில், அறிகுறி தென்பட்டிருந்தாலே போதும் என்றிருக்கும். ஒரு காலில் கோளாறு இருந்திருந்தால் மறு காலுக்கும் பணம் இல்லை என்று சொல்பவையும் உண்டு. ஆகவே ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். ஒரு விலக்கைக் காட்டி மறுத்தால், அது பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்தான். சொல் இரு பொருள்பட்டால், எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்வது சட்ட மரபு.

என்ன செய்யலாம்? எந்த விதியின்படி, எந்தக் குறிப்பை வைத்து மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவரிடம், "அன்றைய கோளாறும் இன்றைய நோயும் ஒன்றா?" என்ற ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டையும் இணைத்து முறையிடுங்கள். அப்போதும் மறுத்தால், 2005இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ஃபிட்ரெக் எனும் நிதித்துறைத் தகராறு தீர்வு நிலையம் இருக்கிறது. நிறுவனம் இறுதிப் பதில் தந்த 6 மாதத்திற்குள் அங்கே போகவேண்டும். முதலில் சமரசப் பேச்சு, அதற்கு நமக்குக் கட்டணமில்லை. அது பலிக்காவிட்டால் நடுவர் விசாரிப்பார். அவர் தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நாம் ஏற்காவிட்டால் நீதிமன்றம் செல்லத் தடையில்லை.

2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கவும் அனுமதி வந்துவிட்டது. புதிதாகப் பூனை வாங்குவோருக்கு ஒன்று சொல்வேன். காப்புறுதி எடுக்கும்போதே முழுப் பரிசோதனை செய்து, முடிவை எழுதி வாங்கி வையுங்கள். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று அந்த வாயில்லா ஜீவன் வந்து சாட்சி சொல்லாது. அந்தக் காகிதம்தான் சொல்லும்.