உலக சபைக்கு ஒரு கடிதம்

 

"பெண்களுக்கு உரிமை வாங்கித் தருவது வீதியா, உலக சபையா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே பேசின தம்பி ஒரு போடு போட்டார். "ஐ.நா. சபை சொல்லுவதை நிறைவேற்ற ஒரு போலீஸ்காரர் உண்டா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்லாத்தானே பேசினார்! (சிரிப்பு)

ஆனால் தம்பி, கனடாவிலே சாண்ட்ரா லவ்லேஸ் என்று ஓர் அம்மா. அவங்க கதையைக் கேட்டுவிட்டு மறுபடியும் கேளுங்க.

நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திலே டோபீக் என்று ஓர் ஊர். மாலிசீட் என்கிற பூர்வகுடி மக்களுக்கென்று ஒதுக்கிய இடம். சாண்ட்ரா அந்த மண்ணிலே பிறந்தவர். 1970-லே, பூர்வகுடி அல்லாத ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். அவ்வளவுதான்! அங்கே 'இந்தியர் சட்டம்' என்று ஒன்று. நம்ம இந்தியர் இல்லை. கொலம்பஸ் நம்மைத் தேடிப் புறப்பட்டு வேறே எங்கேயோ போய் இறங்கினாரே, அவர் வைத்த பேர். அந்தச் சட்டம், "நீ இனிமேல் பூர்வகுடியே இல்லை, போ" என்று சொல்லிவிட்டது. சரி, ஆம்பளைக்கு? அவர் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டினால் அவர் உரிமையும் போகாது, வந்த மருமகளுக்கும் பூர்வகுடி உரிமை கிடைத்துவிடும்! எப்படி இருக்கிறது நியாயம்?

நம்ம வீட்டிலே பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது என்ன சொல்லி அனுப்புகிறோம்? "ஏதாவது ஒண்ணுன்னா பிறந்த வீடு இருக்கும்மா." சாண்ட்ராவின் மணவாழ்க்கை முறிந்தது. பிறந்த ஊருக்குத் திரும்பினால், அங்கே குடியிருக்க அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். போனாங்களே! ஜெனெட் கார்பியர் லவெல் என்கிற இன்னொரு பூர்வகுடிப் பெண் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1973-லே தீர்ப்பு. 5 நீதிபதிகள் சட்டத்தின் பக்கம், 4 பேர் இவர் பக்கம். தோற்றார். அந்த வழக்கிலே பூர்வகுடித் தலைவர்களின் அமைப்பே இந்தப் பெண்களுக்கு எதிராகப் போய் நின்றது. ஒரு கல்லை உருவினால் அரசாங்கம் சுவரையே இடித்துவிடும் என்று அவர்களுக்குப் பயம். அந்தப் பயத்திலே நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், சுவருக்கு வெளியே நின்றது மட்டும் பெண்கள்!

அரசாங்கமும் கதவைச் சாத்தியாச்சு, தலைவர்களும் சாத்தியாச்சு. இப்போ எங்கே போவாங்க? தனி மனிதர் தன் நாட்டின் மேலேயே ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் புகார் எழுதலாம் என்று கனடா 1976-லே ஒப்புக்கொண்டிருந்தது. 1977 கடைசியிலே சாண்ட்ராவின் புகார் போனது. உள்ளூர்க் கோர்ட்டையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அங்கே வரணும் என்பது விதி. குழு என்ன சொன்னது தெரியுமா? "உச்ச நீதிமன்றமே ஏற்கெனவே முடிவு சொல்லிவிட்டது, இந்த அம்மா மறுபடி போக வேண்டியதில்லை" என்றது. லவெல் அம்மா தோற்ற தோல்விதான் சாண்ட்ராவுக்குத் திறவுகோல்! (கைதட்டல்)

1981 ஜூலை 30. தன் இனத்தாரோடு சேர்ந்து, தன் பண்பாட்டோடும் மொழியோடும் வாழும் உரிமையை இவருக்கு மறுத்தது கனடாவின் மீறல் என்று குழு சொன்னது.

தம்பி, போலீஸ் வரவில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் மனித உரிமை உபதேசம் பண்ணுகிற நாடு, ஒரு டோபீக் பெண்ணின் கடிதத்துக்கு முன்னாலே தலைகுனிந்து நின்றது. 1985-லே சட்டத்தைத் திருத்தினார்கள். நாட்டின் புதிய உரிமைச் சாசனமும் சேர்ந்து நெருக்கியது, ஒப்புக்கொள்கிறேன். 1979-லே டோபீக் பெண்கள் பிள்ளை குட்டிகளோடு ஓக்காவிலிருந்து தலைநகர் ஒட்டாவா வரைக்கும் சுமார் 160 கிலோமீட்டர் நடந்தார்களே, அதையும் மறைக்க மாட்டேன். உங்க கட்சிக்கு நல்ல பாயிண்ட், எடுத்துக்கோங்க! ஆனால் நடந்த கால் ஒட்டாவா போய்ச் சேரும்போதே கடிதம் ஜெனீவாவிலே காத்துக்கொண்டிருந்தது ஐயா!

இன்னொன்று. உலக சபையிலே யார் போய் உட்காருகிறார் என்பது முக்கியம். தலைவர்கள் மட்டும் போயிருந்தால் நிலத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள், மீன்பிடி உரிமையைப் பேசியிருப்பார்கள். சாண்ட்ராவின் வீட்டைப் பேசியிருப்பார்களா? 1995-லே பெய்ஜிங் பெண்கள் மாநாட்டுக்குப் போன பூர்வகுடிப் பெண்கள் தங்களுக்கென்று தனிப் பிரகடனமே எழுதினார்கள். பிலிப்பைன்ஸ் மலைநாட்டுப் பெண் விக்டோரியா டவுலி-கார்பஸ், பூர்வகுடிகளுக்கான ஐ.நா. நிரந்தர மன்றத்துக்கே 2005-லே தலைவரானார். 2007-லே வந்த ஐ.நா. பிரகடனம், இதிலுள்ள உரிமையெல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம் என்று தனி விதியாகவே சொல்கிறது. முதலிலே அதை எதிர்த்து வாக்களித்த 4 நாடுகளிலே கனடாவும் ஒன்று. (சிரிப்பு)

"1985-லேயே எல்லாம் முடிந்ததா?" என்று எதிரணி அம்மா கேட்கத் துடிக்கிறாங்க. முடியலை. பெண்வழிப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு, ஆண்வழிப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு என்று பாகுபாடு மிச்சம் இருந்தது. ஷரன் மெக்ஐவர் என்ற பூர்வகுடிப் பெண் அதே ஐ.நா. குழுவின் கதவைத் தட்டினார். 2019 ஜனவரியிலே குழு அவர் பக்கம் சொன்னது. 2017-லேயே நிறைவேறியும் பாதி தூங்கிக்கொண்டிருந்த திருத்தம், 2019 ஆகஸ்டிலே முழுசாக அமலுக்கு வந்தது.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா! அந்த 2017 மசோதா புறப்பட்டது கனடாவின் செனட் சபையிலே. அன்றைக்கு அந்தச் சபையின் உறுப்பினர்களிலே ஒருவர், 2005-லே நியமனம் ஆகி வந்தவர், யார் தெரியுமா? டோபீக்கின் சாண்ட்ரா! (பலத்த கைதட்டல்)