பாலையும் பாரசீகமும்



ஐந்திணை பற்றிய பாடம் நடக்கும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு, மருதத்துக்கு வயல், நெய்தலுக்குக் கடற்கரை. பாலைக்கு மட்டும் ஏன் சேர் சொந்த நிலம் இல்லை?" நல்ல கேள்விதான். தொல்காப்பியர் பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. காட்டு நிலமும் மலை நிலமும் வெயிலின் கொடுமையால் தம் தன்மை கெடும்போது எடுக்கும் கோலமே பாலை என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். அதாவது பாலை என்பது ஓர் இடத்தின் பெயரன்று. எந்த இடத்துக்கும் வந்து சேரக்கூடிய ஒரு நிலை.

வகுப்பறையில் நெடுங்காலம் சொல்லிவந்த இந்தக் கருத்தை ஒரு நாட்டின் நிலப்பரப்பிலேயே கண்டுகொள்ளும் வாய்ப்பு 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ற் விடுமுறையில் எனக்குக் கிட்டியது. ஆசிரிய நண்பர்கள் மூவருடன் ஈரானில் ஷிராஸ், யஸ்த், இஸ்பஹான் ஆகிய மூன்று பழைய நகரங்களைப் பார்த்து வந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

தமிழ் படிப்பிக்கிறவருக்குப் பாரசீகத்தில் என்ன அலுவல் என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. கொழும்பு நூதனசாலையில் இருக்கும் ஒரு கல்லைக் காட்டினால் அதுவே மறுமொழியாகும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நிறுவிய, 1409 ஆம் ஆண்டுத் திகதி பொறித்த கல்வெட்டு அது. 1911 இல் காலியிலே கண்டெடுக்கப்பட்டது. அதில் மூன்று மொழிகள்: சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனையின் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. இந்து சமுத்திரத்து வணிகருக்கு அன்று விளங்கிய மொழிகளில் பாரசீகம் தமிழுக்குப் பக்கத்திலே நின்றது. நாம் நாள்தோறும் வழங்கும் பஜார், தர்பார், சர்க்கார் என்ற சொற்களும் அந்த வீட்டிலிருந்து வந்தவையே.

ஷிராஸ் கவிஞர்களின் நகரம். ஹாபிஸ், சாதி என்னும் இரு பெருங்கவிஞர்களின் சமாதிகள் அங்கே உள்ளன. மாலை வேளையில் ஹாபிஸின் சமாதிக்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். பளிங்குக் கல்லின் மீது இரு விரல் வைத்து எதையோ முணுமுணுக்கிறார்கள். பிறகு அவருடைய கவிதை நூலைக் கண்ணை மூடிக்கொண்டு விரித்து, வந்த பக்கத்தில் தங்கள் வாழ்க்கைக்கான பதிலைத் தேடுகிறார்கள். ஏறத்தாழ அறுநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு புலவனிடம் ஒரு சமூகம் இன்னமும் யோசனை கேட்கிறது என்பதைக் கண்டபோது தமிழாசிரியனாகிய எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது. சாதியின் சமாதியில் வேறொரு காட்சி. படிகளில் இறங்கினால் நிலத்தடியிலே ஒரு சிறு குளம், அதிலே மீன்கள். அந்தக் குளத்துக்கு நீர் தருவது பூமிக்கடியில் ஓடிவரும் ஒரு கால்வாய். அதன் பெயர் கனாத். இந்தச் சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஷிராஸிலிருந்து சுமார் அறுபது கிலோமீற்றர் தூரத்தில் பெர்சிபோலிஸ் இருக்கிறது. கி.மு. 518 அளவில் முதலாம் டேரியஸ் மன்னன் கட்டத் தொடங்கிய அரண்மனை நகரம். கி.மு. 330 இல் அலெக்சாந்தர் அதைக் கைப்பற்றிய பின் அது எரியுண்டது. இருபத்துமூன்று நாட்டவர் திறை கொண்டுவரும் ஊர்வலம் படிக்கட்டுச் சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. காலில் செருப்பும் இடையில் துண்டுமாக, தோளில் காவடி போன்ற தடியில் கூடைகள் தொங்க, இந்தியரும் அந்த வரிசையில் வருகிறார்கள். ஆனால் என்னை நிறுத்திவைத்தது அந்தச் சிற்பமன்று. பிரமாண்டமான கல்மேடையின் அடியிலே பாறையைக் குடைந்து அமைத்த வடிகால்களே. மண்டபங்கள் எழுமுன்னரே மழைநீர் போகும் வழியைத் தீர்மானித்திருக்கிறார்கள். 1933 இல் இங்கே ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் போர்ப்பரணி எதுவுமில்லை. எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு தானியம், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எவ்வளவு மேலதிகப் பங்கு என்ற கணக்குகளே இருக்கின்றன. பேரரசின் மகிமையை எரித்த தீ இந்தப் பங்கீட்டுக் கணக்கை விட்டுவைத்திருக்கிறது.

அங்கிருந்து யஸ்த் நகருக்கு ஒரு முழுப் பகற் பயணம். இடையில் அபர்கூ என்ற ஊரில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என மதிப்பிடப்படும் ஒரு சைப்பிரஸ் மரம் பசேலென்று நிற்கிறது. அதைத் தாண்டினால் மரமில்லை, புல்லுமில்லை. சாம்பல் நிற மலைகளும், மஞ்சள் மண்ணும், தூரத்தில் உப்புப் படிந்த வெண்மையுமே. இந்த வெறுமையின் நடுவே நேர்கோட்டில் வரிசையாகச் சிறு மண்மேடுகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி. பெரிய எறும்புகள் அணிவகுத்துப் புற்றெடுத்தாற்போன்ற தோற்றம். "இவைதான் கனாத்தின் வாய்கள்" என்றார் எங்கள் வழிகாட்டி.

கனாத்தின் அமைப்பு எளிமையானது, வேலைதான் கொடியது. மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் காணும்வரை தாய்க் கிணறு ஒன்றைத் தோண்டுவார்கள். அங்கிருந்து ஊரை நோக்கி மிக மெல்லிய சரிவுடன் ஒரு சுரங்கம் வெட்டுவார்கள். மண்ணை வெளியேற்றவும் காற்று உள்ளே வரவும் இடையிடையே செங்குத்தான துளைகள் விடுவார்கள். நீர் தன் பாரத்தாலேயே ஓடிவந்து ஊரிலே வெளிப்படும். இறைப்பதற்கு ஏற்றமும் தேவையில்லை, இயந்திரமும் தேவையில்லை. கொனாபாத் என்ற இடத்துக் கனாத்தின் தாய்க் கிணறு 300 மீற்றருக்கும் கூடிய ஆழமுடையது. இதை வெட்டுவோருக்கு முக்கன்னி என்று பெயர். அவர்கள் வெள்ளை உடுத்தியே சுரங்கத்தில் இறங்குவார்களாம். மண் சரிந்து மூடினால் அதுவே கபன் துணியாகட்டும் என்பதற்காக என்று சொல்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டிலேயே கராஜி என்ற கணித அறிஞர் மறைநீரை வெளிக்கொணரும் கலைபற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். 2016 இல் யுனெஸ்கோ பதினொரு கனாத்துகளை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

யஸ்த் நகரம் களிமண்ணாலான ஒரு கவிதை. வீட்டுக் கூரைகளுக்கு மேலே பாத்கீர் எனப்படும் காற்றுக் கோபுரங்கள் நிற்கின்றன. மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழே வீட்டுக்குள் இறக்குபவை அவை. தௌலதாபாத் தோட்டத்துக் கோபுரம் 33 மீற்றருக்கு மேல் உயரமானது. வெளியே வெயில் நாற்பது பாகையைத் தாண்டி எரிய, அதன் அடியிலிருந்த தடாகத்தருகே நாங்கள் மாதுளம்பழச் சாறு குடித்துக்கொண்டிருந்தோம். ஆண்டுக்கு அறுபது மில்லிமீற்றர் மழைகூட ஒழுங்காகப் பெய்யாத மண்ணில் மாதுளையும் முந்திரியும் காய்க்கின்றன.

அந்நகரின் நீர் நூதனசாலையில் ஒரு செப்புக் கிண்ணம் கண்டேன். அடியிலே ஊசித்துளை. அதைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதக்கவிட்டால் மெல்ல மெல்ல நீர் நிறைந்து அமிழும். ஒருமுறை அமிழும் நேரமே ஒரு பங்கு. இன்னார் வயலுக்கு இத்தனை கிண்ணம் என்று இரவும் பகலும் ஒருவர் இருந்து எண்ணுவார். நம்முடைய நாழிகை வட்டில் உடனே நினைவுக்கு வந்தது. நம்மவர் அதனால் பொழுதை அளந்தார்கள். இவர்கள் பொழுதைக்கொண்டு நீரை அளந்திருக்கிறார்கள். இங்கே எல்லாம் சமத்துவமாக நடந்தது என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. பெரும் பங்குகள் நிலவுடைமையாளர் கையிலேயே இருந்தன. ஆயினும் ஒரு வரம்பு இருந்தது. பூமி தானாக விடுகின்ற நீரையன்றி ஒரு துளியும் கூட எடுக்கக் கனாத்தால் முடியாது. ஆசைக்கு இயற்கையே பூட்டுப் போட்டிருந்தது.

1960 களில் நிலச்சீர்திருத்தம் வந்தது. கனாத்துகளைப் பேணிய பழைய ஏற்பாடு குலைந்தது. ஆழ்குழாய்க் கிணறுகளும் இயந்திரங்களும் வந்தன. பூட்டு உடைந்தது. நிலத்தடி நீர்மட்டம் இறங்க, அநேக கனாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வற்றின. அப்படியானால் யஸ்த் நகரம் இன்று எங்கே நீர் குடிக்கிறது? இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அயல் மாகாணத்து ஆற்றுநீர் குழாய்வழி அங்கே வருகிறது. அந்த ஆறு, நாங்கள் அடுத்துச் சென்ற இஸ்பஹானின் ஸாயந்தே ரூத். உயிர்தரும் ஆறு என்பது அதன் பொருள்.

இஸ்பஹானை 1598 இல் தன் தலைநகராக்கினான் முதலாம் ஷா அப்பாஸ். அவன் அமைத்த பெருஞ்சதுக்கம் 500 மீற்றருக்கும் கூடிய நீளமுடையது. அதன் தென்புறத்து மசூதியின் நீல ஓடுகளை வருணிக்க என்னிடம் சொல்லில்லை. பாலை மக்கள் வானத்தையும் நீரையும் சேர்த்துக் குழைத்துச் சுவரில் பூசினார்கள் என்று மட்டும் சொல்வேன். ஆற்றின் குறுக்கே முப்பத்துமூன்று வளைவுகளோடு நிற்கிறது அல்லாவெர்தி கான் பாலம். சற்றுக் கிழக்கே கஜூ பாலம். நீரைத் தேக்கும் அணையாகவும், அரசன் அமர்ந்து ஆற்றைப் பார்க்கும் மண்டபமாகவும் அது கட்டப்பட்டது.

நாங்கள் போனபோது அந்தப் பாலங்களின் கீழே ஆறு இல்லை. வெடித்த சேற்றுப் படுகை மட்டுமே கிடந்தது. அதிலே பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். மழை பொய்த்தது ஒரு காரணம். ஆற்றின் மேற்பகுதியில் நீரை மறித்ததும், பெரும் ஆலைகளுக்கும் தூர நகரங்களுக்கும் கொண்டுசென்றதும் ஏனைய காரணங்கள். ஷேக் பஹாயியின் பெயரால் வழங்கும் பழைய பங்கீட்டுச் சுருள் ஒன்று ஆற்றுநீரை 33 பங்குகளாக்கி ஊர்களுக்கு வகுத்திருந்தது. அந்தக் கணக்குப் புதிய தேவைகளின் முன் நிற்கவில்லை. 2013 இல் இஸ்பஹானின் கிழக்குப்புற விவசாயிகள் யஸ்துக்குப் போகும் குழாயை உடைத்தார்கள். 2021 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் வறண்ட ஆற்றுப் படுகையிலே கூடி நீர் கேட்டார்கள்.

இதில் யாரைக் குறைசொல்வது? யஸ்த் மக்களுக்கும் தாகம் உண்டு. இஸ்பஹான் விவசாயிக்கும் வயல் உண்டு. இரு தரப்பும் ஒரே மொழி பேசி ஒரே கவிஞனின் பாட்டை மனனம் செய்தவர்கள். கிண்ணத்தால் நீரை அளந்த மக்கள், அளவு கைவிட்டுப் போன பின் ஒருவரையொருவர் பகைக்கும்படி ஆயிற்று.

மாலையில் கஜூ பாலத்தின் வளைவுகளுக்கடியில் முதியவர்கள் கூடிப் பாடுவார்கள். ஆறு இல்லாவிட்டாலும் பாட்டு நிற்கவில்லை. அவர்களில் ஒருவர், முன்னாள் விவசாயி, வழிகாட்டி மூலம் எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். "உங்கள் ஊரில் ஆறு உண்டா?" என்று கேட்டார். ஆறில்லை, யாழ்ப்பாணத்தில் கிணறுதான் என்றேன். "எத்தனை மீற்றரில் தண்ணீர்?" என்றார். சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். "எங்கள் தோட்டத்திலும் ஒருகாலம் அவ்வளவுதான். மூன்று தடவை ஆழமாக்கினோம். பிறகு விட்டுவிட்டோம்" என்றார். மீண்டும் பாட்டைக் கேட்கத் திரும்பிவிட்டார்.

நேயர்களே, யஸ்த் பாலையிலே பிறந்த நகரம். மனித உழைப்பும் ஒழுங்கும் அதை மருதமாக்கின. இஸ்பஹான் ஆற்றங்கரையில் மருதமாகப் பிறந்த நகரம். அதை நோக்கிப் பாலை நடந்து வந்துகொண்டிருக்கிறது. வெயில் மட்டுமே நிலத்தைத் திரிப்பதில்லை. பங்கிடும் முறை தவறினாலும் நிலம் திரியும். பாலைக்கு ஏன் சொந்த நிலம் இல்லை என்று மாணவர் ஒருவர் இனிக் கேட்டால், செய்யுளோடு அந்தச் செப்புக் கிண்ணத்தின் கதையையும் சேர்த்தே சொல்வேன்.