வழக்கு யார் கையில்?

(பள்ளிபாளையத்தில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் கூடிய பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கேயாவது ஒரு தலித் கொல்லப்பட்டால் மறுநாள் ஒட்டுகிற சுவரொட்டியில் ஒரு வரி தவறாமல் இருக்கும். 'சி.பி.ஐ. விசாரணை வேண்டும்.' நாமும் தொண்டை கிழியக் கத்துகிறோம். உள்ளூர் போலீசை நாம் நம்புவதில்லை. நம்பாததற்கு நியாயம் இருக்கிறது. ஸ்டேசன்ல யார் சாதிக்காரன் உட்கார்ந்திருக்கான், யார் போன் பண்ணினா எழுந்து நின்னு பேசறான் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் தில்லியிலிருந்து வருகிறவனுக்குச் சாதி கிடையாதா? எந்தக் குற்றத்தை மாநிலம் விசாரிக்கிறது, எதை மத்திய அரசு விசாரிக்கிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள்? இது தெரியாமல் நாம் கோரிக்கை வைத்தால், ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு அலையவிட்டே நம் காலத்தைக் கரைத்துவிடுவார்கள்.

இதைப் பேசுவதற்குப் பள்ளிபாளையத்தை விடப் பொருத்தமான ஊர் இல்லை. 2015 ஜூன் 24 அன்று இங்கே கிழக்குத் தொட்டிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார் கோகுல்ராஜ். ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர், பொறியியல் படித்தவர். முந்தின நாள் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தன்னோடு படித்த, வேறு சாதியைச் சேர்ந்த பெண்ணோடு போனார். அங்கிருந்துதான் கடத்தப்பட்டார். அவருடைய சட்டைப் பையில் ஒரு தற்கொலைக் கடிதம் இருந்தது. கொலை செய்தவர்களே எழுதி வாங்கிய கடிதம். வழக்கு முதலில் எப்படிப் பதிவாயிற்று தெரியுமா? சந்தேக மரணம் என்று. கொலை என்று கூட இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிறகுதான் வந்தது.

ஒரு கேள்வி கேட்கிறேன். உடல் கிடந்த இடம் ரயில்வேக்குச் சொந்தம். ரயில்வே மத்திய அரசுடையது. அப்படியென்றால் இது மத்திய அரசு வழக்கா? பலபேர் ஆமாம் என்றுதான் நினைக்கிறார்கள். கிடையாது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல் இருக்கிறது. ரயில்வே மத்தியப் பட்டியலில் 22ஆவது. போலீஸ் மாநிலப் பட்டியலில் இரண்டாவது. அந்த இரண்டாவதிலேயே 'ரயில்வே போலீஸ், கிராமப் போலீஸ் உட்பட' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் நிற்கிற ஆர்.பி.எஃப். என்பது 1957 சட்டத்தில் வந்த மத்தியப் படை. ரயில்வேயின் சொத்தையும் பயணிகளையும் காப்பது அதன் வேலை. தண்டவாளத்தில் பிணம் கிடந்தால் வருவது ஈரோடு ரயில்வே போலீஸ். அது தமிழ்நாட்டுப் போலீஸ்தான். ஆக, கோயில் திருச்செங்கோடு ஸ்டேசன், பிணம் ஈரோடு ரயில்வே ஸ்டேசன். இரண்டுக்கும் மேல் உட்கார்ந்திருப்பது ஒரே அரசு, சென்னையில்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். சி.பி.சி.ஐ.டி. வேறு, சி.பி.ஐ. வேறு. எழுத்து ஒன்று போல இருப்பதால் 'பெரிய போலீஸ் வந்துட்டாங்க' என்று சனங்க நம்பிவிடுகிறார்கள். சி.பி.சி.ஐ.டி. மாநிலப் போலீசின் ஒரு பிரிவு. அதே டி.ஜி.பி., அதே உள்துறை. சி.பி.ஐ. மட்டும்தான் மத்திய அரசுடையது. அதற்கும் தனியாக ஒரு சட்டம் கிடையாது. 1946இல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட தில்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தை வைத்துத்தான் ஓடுகிறது. அதன் 6ஆவது பிரிவுப்படி, மாநில அரசு ஒப்புதல் தராமல் அது மாநிலத்துக்குள் விசாரிக்க முடியாது. தமிழ்நாடு பொதுவாகக் கொடுத்திருந்த ஒப்புதலை 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. ஆனால் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவு போட்டால் மாநிலத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று 2010இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு மேற்கு வங்க வழக்கில் தீர்ப்பளித்தது. 2025இல் கரூர் நெரிசல் சாவு வழக்கை உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியதும் இந்த அதிகாரத்தில்தான்.

2008இல் என்.ஐ.ஏ. என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்கு எந்த மாநிலத்தின் சம்மதமும் வேண்டாம். மத்திய அரசு தானாகவே வழக்கை அதனிடம் ஒப்படைக்கலாம். எந்தெந்தச் சட்டங்கள் அதன் கீழ் வரும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. அணுசக்திச் சட்டம் இருக்கிறது, ஊபா இருக்கிறது, கள்ள நோட்டு இருக்கிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆள் கடத்தல் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதில் இல்லை. ஒரு சேரியையே கொளுத்தினாலும் அது இந்த நாட்டுக்கு எதிரான குற்றம் ஆகாது, அந்த ஊர் ஸ்டேசன் விவகாரம் என்பதுதான் இதற்கு அர்த்தம். என்.ஐ.ஏ. வந்து நம்மைக் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. அது யாரை எல்லாம் சிறையில் வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆனால் எது தேசத்தின் குற்றம், எது ஊர்க் குற்றம் என்று பிரிக்கிற கோட்டை யார் போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அரசியல் சட்டத்தை எழுதும்போது இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதைக் கடைப்பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்றது. அந்தத் தண்டனைச் சட்டத்தை எழுதுகிற அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான், மாநிலச் சட்டமன்றத்துக்குக் கிடையாது என்று 35ஆவது பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு ஆதிக்க சாதி உட்கார்ந்திருக்கும்போது, அவரவர் வசதிக்கு ஒரு தண்டனை வைத்துக்கொள்ள முடியாதபடி போட்ட பூட்டு அது. 1955 சட்டமும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நாடாளுமன்றச் சட்டங்களாக இருப்பது அதனால்தான். ஆனால் சட்டம் தில்லியில், அதை நடத்துகிற போலீஸ் சென்னையில். எஃப்.ஐ.ஆர். போடுவது, எந்தப் பிரிவு போடுவது, கைது செய்வது, அரசு வழக்கறிஞரை நியமிப்பது எல்லாம் மாநிலம். நம்முடைய வழக்குகள் இந்த இடைவெளியில்தான் விழுந்து சாகின்றன. மாநிலத்தைக் கேட்டால் 'மத்தியச் சட்டம்' என்பான். மத்தியைக் கேட்டால் 'சட்டம் ஒழுங்கு மாநிலப் பொறுப்பு' என்பான்.

சரி, மத்தியப் போலீஸ் வந்தால் தீர்ந்துவிடுமா? 2006 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் கயர்லாஞ்சியில் போட்மாங்கே குடும்பத்தின் நான்கு பேரை ஊரே கூடிக் கொன்றது. சி.பி.ஐ. விசாரித்தது. 2008இல் ஆறு பேருக்குத் தூக்கு, இரண்டு பேருக்கு ஆயுள் என்று தீர்ப்பு வந்தது. வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் ஒருவருக்கும் தண்டனை இல்லை. 2010இல் நாக்பூர் உயர் நீதிமன்ற அமர்வு தூக்கை 25 ஆண்டாகக் குறைத்தது, சாதிக் குற்றம் என்பதை அப்போதும் ஏற்கவில்லை. அதாவது கொலை நடந்தது உண்மை, சாதிதான் காரணம் என்பது மட்டும் பொய்யாம்.

நம்ம ஊர் கதைக்கு வருவோம். கோகுல்ராஜ் வழக்கை விசாரித்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுப்பிரியா 2015 செப்டம்பர் 18 அன்று தன் குடியிருப்பில் தூக்கில் தொங்கினார். அவரும் தலித். வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும் என்கிறது 1995 விதி. அந்த விதிப்படி விசாரித்த அதிகாரியின் கதி இது. அவருடைய மரண வழக்கு முதலில் சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. தந்தை நீதிமன்றம் போய், 2016இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை எதிர்த்துத் தோற்றது. அவ்வளவு போராடி வந்த சி.பி.ஐ. என்ன செய்தது? வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டில் அறிக்கை கொடுத்தது. அதையும் எதிர்த்து அந்தத் தந்தைதான் போராட வேண்டி வந்தது.

ஆனால் கோகுல்ராஜ் வழக்கை முடித்தது எது? சி.பி.ஐ. இல்லை, மாநிலச் சி.பி.சி.ஐ.டி.தான். முக்கியக் குற்றவாளி யுவராஜ் நூறு நாளுக்கு மேல் தலைமறைவாக இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தார். பிறகு 2015 அக்டோபர் 11 அன்று நாமக்கல்லில் தானாக வந்து சரணடைந்தார். போலீசின் திறமை அந்த அளவுதான். வழக்கைக் காப்பாற்றியது தாயார் சித்ராவின் பிடிவாதம். நாமக்கல் நீதிமன்றத்தில் சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தபோது, இங்கே நடந்தால் நியாயம் கிடைக்காது என்று அந்த அம்மா உயர் நீதிமன்றம் போனார். 2019இல் வழக்கு மதுரையிலுள்ள வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. அவர் கேட்ட வழக்கறிஞர் ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார். பாதிக்கப்பட்டவர் விரும்புகிற வழக்கறிஞரை நியமிக்க 1995 விதிகளிலேயே வழி இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை. கோயில் சி.சி.டி.வி. பதிவு சாட்சி சொன்னது. 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை, 5 பேர் விடுதலை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கோயிலுக்கும் இந்தத் தண்டவாளத்துக்கும் நேரில் வந்து பார்த்தார்கள். அந்த ஜூனில் தண்டனையை உறுதி செய்தார்கள், இரண்டு பேருக்கு மட்டும் 5 ஆண்டாகக் குறைத்தார்கள்.

இதற்கு முன்னால் எதிர்த் திசையில் ஒரு வழக்கு பயணம் செய்தது. 1997 ஜூன் 30இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கு. மதுரைப் பக்கம் நடத்த முடியாமல் சேலத்துக்கு வந்தது. 2001இல் சேலத்தில்தான் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சேலத்து நியாயத்துக்கு மதுரை, மதுரை நியாயத்துக்குச் சேலம். விசாரிக்கிற போலீசை மாற்றுவதைப் போலவே, சில நேரம் அதைவிட, விசாரணை நடக்கிற இடத்தை மாற்றுவது முக்கியம்.

தீர்ப்போடும் முடிவதில்லை. மேலவளவுக் குற்றவாளிகளில் 13 பேரை 2019 நவம்பரில் மாநில அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. தண்டனையைக் குறைக்கிற அதிகாரம் மாநிலத்துக்கு இருக்கிறது. சி.பி.ஐ. விசாரித்த வழக்கென்றால் மத்திய அரசின் இசைவு வேண்டும் என்று 2015இல் ராஜீவ் வழக்கில் அரசியல் சட்ட அமர்வு சொன்னது. அது பாதுகாப்பா? பில்கிஸ் பானு வழக்கு சி.பி.ஐ. வழக்கு. 2022இல் குஜராத் 11 பேரை விடுவித்தபோது மத்திய அரசும் தலையாட்டியது. விசாரணை மகாராஷ்டிராவில் நடந்ததால் குஜராத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இரண்டு அரசும் ஒன்று சேர்ந்தால் எந்தப் பட்டியலும் குறுக்கே வராது, தோழர்களே.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். 'சி.பி.ஐ. வேண்டும்' என்பது ஒரு கோரிக்கை, அதுவே தீர்வு இல்லை. மாநிலப் போலீஸ் குற்றவாளியோடு கைகோத்திருக்கிறது என்று காட்ட முடிந்தால் கேளுங்கள், நீதிமன்றத்தின் மூலம் கேளுங்கள். ஆனால் முதல் நாள் வேலை ஸ்டேசனில் இருக்கிறது. எல்லை எங்களுடையது இல்லை, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஈரோட்டுக்குப் போ என்று துரத்தினால் போகாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவுப்படி எந்த எல்லையாக இருந்தாலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். கொலை வழக்கென்றால் வன்கொடுமைச் சட்டம் 3(2)(v) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு, தலித் என்பதற்காகவே செய்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26க்குப் பிறகு, தலித் என்று தெரிந்து செய்தார்கள் என்றால் போதும். கடமையைச் செய்யாத அதிகாரி மேல் 4ஆவது பிரிவு இருக்கிறது. சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் 15ஏ இருக்கிறது. கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், முதலமைச்சர் தலைமையில் மாநிலக் குழு வருடத்துக்கு இரண்டு முறை. நாமக்கல்லில் கடைசியாக எப்போது கூடியது என்று ஒரு மனு போட்டுக் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே ஆபீஸ் கொஞ்சம் ஆடும்.

தில்லியையும் விட்டுவிட வேண்டாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியபோது, ஏப்ரல் 2இல் நாடு முழுக்க நம் சனங்க தெருவுக்கு வந்தார்கள். வடக்கே உயிரையும் கொடுத்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்க்க வேண்டி வந்தது. சென்னையிலும் வேலை இருக்கிறது. 2025 ஜூலையில் திருநெல்வேலியில் கவின் கொல்லப்பட்ட பிறகு, ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் பற்றி ஆராய அந்த அக்டோபரில் நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலம் சட்டம் போடலாம். மத்தியச் சட்டத்தோடு மோதினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். 'எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டம் படிக்கிறவர்கள் படியுங்கள். மற்றவர்கள் ஒரு எஃப்.ஐ.ஆரை வாசிக்கவாவது பழகுங்கள். தறிக்குப் போகிற ஒரு தாய் தன் பிள்ளையின் பிணத்துக்காக ஸ்டேசன் வாசலில் நிற்கும்போது, பக்கத்தில் நின்று 'இந்தப் பிரிவைப் போடு' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் தில்லியிலிருந்து வரமாட்டான்.

 ஜெய்பீம்.