நன்றியுரையில் ஒரு பிழை

(பழைய மாணவர் சங்கத்தின் சென்ற சந்திப்பில் இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரை. பேசியதைப் பெரும்பாலும் பேசியபடியே தந்திருக்கிறேன்.)



‘ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை வேர்டில் ஒழுங்காக அமைப்பது எப்படி’ என்று நான் பேசப்போவதைச் சொன்னதும் பக்கத்திலிருந்த நண்பர், "இதுக்கு ஒரு பேச்சா? டி.டி.பி. கடையில குடுத்தா அவன் பாத்துக்குவான்" என்றார். அந்த ‘அவன் பாத்துக்குவான்’ பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் கதை. 1994-ல் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, 8085 நுண்செயலியை வைத்து மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி செய்தோம். கருவி நன்றாகவே வேலை செய்தது. ரிப்போர்ட்தான் காலை வாரியது. அப்போது எங்களுக்குக் கிடைத்தது வேர்ட்ஸ்டார். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் தெரியும். சேமிக்க கன்ட்ரோல் கே, எஸ். புதிய பக்கம் வேண்டுமென்றால் வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்து பி, ஏ. மின்சுற்றுப் படங்களுக்கு இடம் விட்டு அச்செடுத்து, பிறகு ஸ்டென்சில் வைத்துப் பேனாவால் வரைவோம். பொருளடக்கம் கடைசியில். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, எண்ணைப் பார்த்து, கையால் அடிப்பது.

கடைசி நாள் எங்கள் கைடு, "ரெண்டாவது அத்தியாயத்துல சென்சார் பத்தி இன்னும் கொஞ்சம் சேருங்கப்பா" என்றார். சேர்த்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கிர்ர் கிர்ரென்று அச்சடித்து முடித்தபோது தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பொருளடக்கத்தை மாற்ற வேண்டும் என்று நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் வைவாவில் வெளித்தேர்வாளர் ‘முடிவுகள்’ எங்கே என்று பார்த்து 41-ஆம் பக்கத்தைத் திறந்தார். அங்கே இருந்தது மின்சுற்றுப் படம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க புத்தகத்துல உங்களுக்கே வழி தெரியலையேப்பா" என்றார். தேறிவிட்டோம். ஆனால் நாங்கள் ஆறு மாதம் பாடுபட்ட கருவியைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது கதை சற்று அண்மையது. 2016-ல் வேறொரு கல்லூரிக்கு நான் வெளித்தேர்வாளராகப் போயிருந்தேன். ஒரு மாணவனின் ரிப்போர்ட்டைப் புரட்டுகிறேன். மூன்றாம் அத்தியாயத்திலிருந்து பக்கத்தின் மேல்வரியில் வேறொரு ப்ராஜெக்டின் தலைப்பு! நன்றியுரைக்குப் போனால், ‘காலஞ்சென்ற என் தந்தையாருக்கு’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. உடனிருந்த உள்தேர்வாளர் மெல்ல, "அந்தப் பையனோட அப்பா வெளியில மரத்தடியில உட்கார்ந்திருக்காரு சார்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. போன வருட ரிப்போர்ட்டைத் திருடியிருக்கிறான் என்றே நினைத்தேன். புத்தகத்தை மூடிவைத்து, "போர்டில் வரைந்து காட்டு" என்றேன். வரைந்தான். ஒவ்வொரு ரெசிஸ்டரும் ஏன் அந்த மதிப்பில் இருக்கிறது என்று சொன்னான். எது எப்போது எரிந்துபோனது, அடுத்து என்ன மாற்றினான் என்பதையும் சொன்னான். வேலை அவனுடையதுதான். சந்தேகமே இல்லை.

பிறகுதான் நடந்தது தெரிந்தது. அவனிடம் கணினி இல்லை. அறுபது பக்கம் கையால் எழுதி, கல்லூரி வாசலில் உள்ள கடையில் கொடுத்திருக்கிறான். கடைக்காரர் நேரம் மிச்சம் பிடிக்க, போன வருடம் ஒருவருக்கு அடித்த கோப்பைத் திறந்து அதன் மேலேயே அடித்துவிட்டார். சீசன் நேரம், பாவம், அவர் மேலும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. வைவா அன்று காலைதான் பைண்டிங் செய்த புத்தகம் பையன் கைக்கு வந்திருக்கிறது. படித்துப் பார்க்கக்கூட நேரமில்லை.

வேலைக்குரிய மதிப்பெண்ணைப் போட்டேன். நூலகப் பிரதியில் பக்கங்களை மாற்றச் சொன்னேன். போகும்போது அவன், "நல்லவேளை சார், எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை அவனைக் கணினி முன் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். அதையே இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், எழுத்தின் அளவைத் தொடாதீர்கள். அத்தியாயத் தலைப்பு என்றால் ‘ஹெடிங் 1’, அதன் கீழ் 1.1 என்று வருவது ‘ஹெடிங் 2’, அதற்கும் கீழே ‘ஹெடிங் 3’. இது இன்னது என்று மட்டும் வேர்டுக்குச் சொல்லுங்கள். எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பிறகு ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். துறைத்தலைவர் கடைசி நாளில் "தலைப்பெல்லாம் 16 பாயின்ட்ல வரணும்" என்றாலும் அரை நிமிட வேலை.

இரண்டாவது, புதிய பக்கத்துக்குப் போக என்டரைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒரு தட்டு போதும். இல்லையென்றால் முன்னால் ஒரு வரி சேர்த்ததும் பின்னால் உள்ளதெல்லாம் சரியும்.

மூன்றாவது, பலரும் வழுக்கி விழும் இடம். முன்பக்கங்களுக்கு ரோமன் எண், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3. இதற்கு ‘செக்‌ஷன் பிரேக்’ போட வேண்டும். அடிக்குறிப்புப் பகுதியில் ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ என்பதை எடுத்துவிட்டு, எண்ணை 1-லிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். இந்த இணைப்பு அறுந்த பிறகு ஒவ்வொரு பகுதியும் தனிக்குடித்தனம். ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். கடைக்காரர் முதல் பகுதியின் மேல்வரியை மாற்றினார். மூன்றாம் அத்தியாயத்தில் பழைய தலைப்பு அப்படியே நின்றுவிட்டது.

நான்காவது, படத்துக்கும் அட்டவணைக்கும் எண்ணைக் கையால் போடாதீர்கள். ‘இன்ஸர்ட் கேப்ஷன்’ இருக்கிறது. ‘படம் 3.2-ஐப் பார்க்க’ என்று எழுதும் இடத்தில் ‘கிராஸ் ரெஃபரன்ஸ்’ இருக்கிறது. பொருளடக்கத்தை ஹெடிங்குகளிலிருந்து வேர்டே தயாரித்துவிடும். அச்சுக்குக் கொடுக்குமுன் கன்ட்ரோல் ஏ, பிறகு எஃப் 9. ‘பக்க எண் மட்டுமா, முழு அட்டவணையுமா’ என்று கேட்டால், முழுசும் என்று சொல்லுங்கள். 1994-ல் அந்த ஒரு விசை எங்களிடம் இருந்திருந்தால் 41-ஆம் பக்கத்தில் தலைகுனிந்திருக்க மாட்டோம்.

ஐந்தாவது, பைண்டிங் இடது ஓரத்தைத் தின்றுவிடும். அங்கே ஒன்றரை அங்குலம் விடுவது வழக்கம். உங்கள் துறையின் விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக, கடைக்கு வேர்ட் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள், பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோங்கள். நம் கணினியில் இருக்கும் எழுத்துரு கடைக்காரரிடம் இல்லையென்றால் பக்கமெல்லாம் இடம் மாறிவிடும்.

இதெல்லாம் வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். டொனால்ட் நூத் என்ற கணினி அறிஞர், தன் நூலின் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கு 1977-ல் வந்த அச்சுப் படிகள் பிடிக்காமல், எழுத்துக் கோக்கும் மென்பொருளைத் தாமே எழுத உட்கார்ந்தார். ‘டெக்’ என்ற அந்த மென்பொருள் நிலைபெற பத்தாண்டுக்கு மேலாயிற்று. நம்மிடம் யாரும் பத்தாண்டு கேட்கவில்லை, ஒரு மாலைப்பொழுதுதான்.

இனி என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளும், குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளும் இங்கே நிறையப் பேர். விழாவுக்கும் விருந்துக்கும் செலவிடுகிறோம். ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நம்மில் இரண்டு பேர் கணினி ஆய்வகத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். துறைக்கு ஒரு மாதிரிக் கோப்பும் தயார்செய்து வைக்கலாம். விளிம்பும் ஹெடிங்கும் பக்க எண்ணும் அதில் சரியாக இருக்க வேண்டும், யாருடைய பெயரும் இருக்கக் கூடாது. முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். இன்னொருவர் பெயர் கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, அவசரத்துக்கு டைப்பிங்கைக் கடையில் கொடுக்க நேரலாம். நன்றியுரையை மட்டும் நீங்களே உட்கார்ந்து அடியுங்கள். அடித்த பிறகு, வீட்டில் அப்பா அம்மாவுக்கு ஒருமுறை தமிழில் படித்துக் காட்டுங்கள்.