வலையருகே கற்ற வித்தை

டென்னிஸில் இரட்டையர் ஆட்டத்தைத் துணை உருப்படியாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் பெயரெடுத்த ஒருவர், பீட் சாம்ப்ராஸ், ரோஜர் ஃபெடரர் என்ற இரு ஒற்றையர் மேதைகளுக்கும் பயிற்சியாளரானார். பால் அன்னகோன். நியூயார்க் மாநிலத்தவர். 1985இல் தென்னாப்பிரிக்காவின் கிறிஸ்டோ வான் ரென்ஸ்பர்க்குடன் சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டம் வென்றார். 1987இல் இரட்டையர் தரவரிசையில் உலகின் மூன்றாம் இடம்வரை போனார்.

இரட்டையரில் நாம் அடிக்கும் பந்து நமக்காக மட்டும் அடிப்பதல்ல. சர்வ் எங்கே விழுந்தால் வலையருகே நிற்கும் கூட்டாளிக்கு, பந்து தரையைத் தொடுமுன் அடிக்கும் வாலி வாய்க்கும் என்று பார்த்துப் போட வேண்டும். திருப்பும் பந்து கொஞ்சம் உயர்ந்தாலும் எதிரணி அதை நம் கூட்டாளியின் காலடியில் அறைந்துவிடும். இதையெல்லாம்விடக் கடினம் பேச்சு. சுலபமான பந்தைக் கோட்டைவிட்டு நிற்பவரிடம், அடுத்த சர்வுக்குள் என்ன சொல்வது? பாடகரின் மூச்சைக் கேட்டு வாசிக்கும் பக்கவாத்தியக்காரரின் காது வேண்டும் அதற்கு. பயிற்சியாளருக்கும் அதே காது வேண்டும். அன்னகோன் பயிற்சியளித்த காலத்தில் ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் வாய் திறக்கத் தடையிருந்தது. சொல்ல வேண்டியதை முன்கூட்டியே, ஆளறிந்து, சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காது அன்னகோனுக்கு இருந்தது என்பது என் துணிபு.

1995 ஜனவரி. மெல்போர்னில் சாம்ப்ராஸின் பயிற்சியாளர் டிம் கலிக்சன் நோயில் விழுந்தார், மூளையில் கட்டி. ஜிம் கூரியருக்கு எதிரான காலிறுதியில் களத்திலேயே அழுதுகொண்டே ஆடிய சாம்ப்ராஸ், இரண்டு செட் பின்தங்கியிருந்தும் வென்றார். கலிக்சனும் இரட்டையர்காரர்தான், இரட்டைச் சகோதரர் டாமுடன் 1983 விம்பிள்டன் இறுதியில் ஆடியவர். உயிருக்குப் போராடும் நண்பரின் இடத்தில் வந்து உட்காருவது எவ்வளவு கூச்சமான காரியம்! அன்னகோன் அப்படித்தான் வந்தார். அவ்வாண்டே விம்பிள்டனும் அமெரிக்க ஓப்பனும் சாம்ப்ராஸ் வசமாயின. மறு ஆண்டு மே மாதம் கலிக்சன் காலமானார்.

இடையில் சாம்ப்ராஸும் அன்னகோனும் பிரிந்தார்கள். 2002 விம்பிள்டனில் ஜார்ஜ் பாஸ்டல் என்பவரிடம் சாம்ப்ராஸ் இரண்டாம் சுற்றிலேயே தோற்றபோது, அவர் கதை முடிந்தது என்றே பேச்சு. அன்னகோன் திரும்ப அழைக்கப்பட்டார். சில வாரங்களில் அமெரிக்க ஓப்பன் இறுதியில் அகாஸியை வென்று, தம் பதினான்காவது கிராண்ட்ஸ்லாம் பட்டத்தோடு சாம்ப்ராஸ் விடைபெற்றார்.

2010 முதல் 2013 வரை அன்னகோன் ஃபெடரருடன் இருந்தார். கிடைத்த கிராண்ட்ஸ்லாம் ஒன்றே ஒன்று, 2012 விம்பிள்டன். அது குறைவு என்பார்கள், நான் ஒப்பமாட்டேன். முப்பது வயதில் ஃபெடரரை மறுபடி முதலிடத்துக்கு ஏற்றிய வெற்றி அது. மர்ரேக்கு எதிரான அந்த இறுதியில், இரண்டாம் செட்டை முடித்தது வலையருகே மெத்தென்று வைத்த ஒரு வாலி.

ஆட்டக்காரராக இருந்தபோது அன்னகோன், எதிராளியின் சர்வை வெட்டித் திருப்பிய கையோடு வலைக்கு ஓடுவார். 2015இல், அவர் விலகி ஈராண்டு ஆன பிறகு, ஃபெடரர் எதிராளியின் இரண்டாவது சர்வை முன்னால் பாய்ந்து, எழும்பும்போதே தட்டிவிட்டு வலைக்கு ஓடத் தொடங்கினார். அதை அன்னகோன் கற்றுக்கொடுத்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு எண்பதுகளின் அன்னகோன்தான் நினைவுக்கு வந்தார்.