நமத்த வெடியும் நிற்காத புரோகிராமும்

  

எங்கப்பா சிவகாசியில் ஒரு பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், போர்மேன். சாயங்காலம் ஆபீசுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். எனக்கு ஒன்பது வயது. வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அன்றைக்குப் பற்றவைத்த அணுகுண்டு வெடி ஒன்று வெடிக்கவில்லை. திரி புகைந்துகொண்டே உள்ளே போனது, அதோடு சத்தமே இல்லை. "நமத்துப் போச்சுப்பா, எடுத்துட்டு வரட்டா?" என்று கிளம்பினேன். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார் பாருங்கள், இரண்டு நாள் வலித்தது.

"வெடிச்சிருந்தா வெடிச்சிருச்சுன்னு சொல்லிரலாம். வெடிக்காம கெடக்குறதப் பாத்து, இனிமே வெடிக்காதுன்னு எப்படிடா சொல்லுவ? நமத்தும் இருக்கலாம், உள்ள கங்கு ஊந்துக்கிட்டும் இருக்கலாம்" என்றார். எவ்வளவு நேரம் காத்திருந்தால் தெரியும் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தள்ளி நின்றபடியே வாளித் தண்ணீரை அதன் மேல் வீசினார்.

எனக்குக் கணினி அறிவியலில் முதல் பாடம் அதுதான். இரண்டாவது பாடம் எம்.எஸ்சி. படிக்கும்போது. அட்டையில் துளையிட்டு புரோகிராம் கொடுக்கிற காலம். என்னுடைய புரோகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. "தம்பி, இது நிக்குமா நிக்காதா?" என்றார் ஆபரேட்டர். "அண்ணே, இன்னும் பத்து நிமிஷம்" என்றேன். மூன்றாவது பத்து நிமிஷத்தில் அவரே நிறுத்திவிட்டார். அந்தக் கோபம் எனக்கு ஒரு வாரம் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாவம், அவர் நல்ல மனிதர்.

ஆபரேட்டர் கேட்ட அதே கேள்விக்குத்தான் ஹால்ட்டிங் பிராப்ளம் என்று பெயர். அதன் வேர் கணிதவியலாளர் ஆலன் ட்யூரிங் 1936இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அவருடைய அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மாவைப் பெற்ற தாத்தா மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். பேரன் மட்டும் இந்தப் பக்கம் வரவே இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் 'நிற்கும்', 'நிற்காது' என்று தப்பாமல் சொல்லும் ஒரு சோசியர் புரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் முரண்டு பிடிக்கிற ஒன்றை எழுதுகிறேன். அது தன் ஜாதகத்தையே, அதாவது தன் வரிகளையே, அந்தச் சோசியரிடம் நீட்டி, 'நான் நிற்பேனா?' என்று கேட்கும். 'நிற்பாய்' என்றால் விடாமல் சுற்றும். 'நிற்க மாட்டாய்' என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சோசியர் எதைச் சொன்னாலும் பொய்யாகிறது. ஆகவே அப்படி ஒரு சோசியர் இருக்க முடியாது.

'இது வெறும் குறும்பு. தன்னைப் பற்றியே கேட்டுக்கொள்ளும் புரோகிராமை யார் எழுதப்போகிறார்கள்?' என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு. முரண்டுக்காரன் வெறும் சாட்சி. முழு எண்களை வைத்து எழுதும் சாதாரணச் சமன்பாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு முழு எண்களில் தீர்வு உண்டா இல்லையா என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்ல ஒரு புரோகிராம் கிடையாது. 1970இல் மத்தியசேவிச் என்ற கணிதவியலாளர் அதை நிரூபித்து முடித்தார். அந்தச் சமன்பாடுகளைப் பார்த்தால் தன்னைத்தானே சுட்டுவதாக எதுவும் தெரியாது.

'நிஜக் கணினிக்கு நினைவகம் அளவானதுதானே, எல்லா நிலைகளையும் பார்த்துவிடலாமே' என்று இன்னொரு வாதம் உண்டு. வெறும் 300 பிட் நினைவகத்துக்கே நிலைகளின் எண்ணிக்கை, 1க்குப் பின்னால் 90 சுழியங்கள் போட்ட எண்ணைத் தாண்டுகிறது. நம் கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கைக்கே சுமார் 80 சுழியங்கள்தான்.

ஆனால் சோசியர் இல்லை என்ற நிரூபணத்தைக் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் தப்பு. 1913இல் ராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கேள்வி போட்டார். 2இன் அடுக்கிலிருந்து 7ஐக் கழித்தால் எப்போது வர்க்க எண் வரும்? அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருந்தால் வரும். 15க்கு 32761, அதாவது 181இன் வர்க்கம். இனி 16இலிருந்து தேடி, அடுத்தது கிடைத்ததும் நிற்கும்படி புரோகிராம் எழுதுங்கள். நாலு வரி போதும். அது நிற்காது. நிற்கவே நிற்காது என்பது காத்திருந்து தெரிந்ததல்ல. 1948இல் நாகெல் என்ற நார்வேக்காரர் நிரூபித்துக் காட்டியது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சோசியர் இல்லை என்றுதான் ட்யூரிங் சொன்னார். இந்த ஒன்றை உன்னால் தீர்க்க முடியாது என்று யாரிடமும் சொல்லவில்லை.

தீர்க்க முடியாத இடத்தில் என்ன செய்வது? லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓட வரும் இபிபிஎஃப் என்ற வகைப் புரோகிராம்களை ஒரு சரிபார்ப்பான் முதலில் சோதிக்கிறது. முடிவுக்கு வரும் என்று அதற்கு உறுதியாகாததை உள்ளே விடாது. அதில் ஒழுங்கான புரோகிராம்கள் சிலவும் அடிபடும். அடிபடட்டும். எங்கப்பா வீசிய வாளித் தண்ணீரும் அதுதான்.

சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த எச்சரிக்கையை விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. முதல் வெடிப்போடு முடிந்தது என்று நினைத்து உதவவும் பார்க்கவும் ஓடியவர்கள் பலர், அடுத்து வெடித்ததில் செத்துப்போனார்கள்.

பட்டம் வாங்கும் பிள்ளைகளே, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே உங்கள் மேலாளர், "இது எப்பவும் சரியா ஓடுமா?" என்று கேட்பார். ஏஐ எழுதிக் கொடுத்த புரோகிராமைக் காட்டியும் கேட்பார். "சோதித்த வரைக்கும் ஓடுது, அதுக்கு மேல தெரியாது" என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அந்த அணுகுண்டு நமத்ததுதானா என்பது எங்கப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கும் இன்றுவரை தெரியாது.